ஆமைக்கும் மரத்துக்கும் புதிய ஊர்

மாரி தொடங்குவதற்கு முன்னர் கிராமமொன்றில் குளக்கட்டுத் துப்புரவுச் சிரமதானம் நடந்தது. தேநீர் இடைவேளையில் காலநிலை மாற்றம் பற்றி நாம் சில வார்த்தைகள் பேசி முடித்ததும், முதிய விவசாயி ஒருவர் எழுந்து கேட்டார்: "சுவாமி, வெயில் வருசா வருசம் ஏறுது எண்டு சொல்லுறியள். மனுசர் எண்டால் பாயைச் சுருட்டிக்கொண்டு வேற இடம் போவம். காட்டில நிக்கிறதுகள் எங்க போகும்?"

அங்கு கூடியிருந்தவர்களில் பெரும்பாலானோர் ஒரு தடவையாவது இடம்பெயர்ந்தவர்கள். ஆகையால் யாரும் சிரிக்கவில்லை. நமக்கும் அன்று சரியான மறுமொழி சொல்ல முடியவில்லை. பின்னர் வாசித்தும் விசாரித்தும் அறிந்தவற்றை இங்கு பாடமாகத் தருகிறோம்.

உயிரினங்கள் இடம் மாறுவது புதிய செய்தியன்று. பனியுகம் முடிந்து பூமி சூடேறியபோது ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் காடுகளே மெல்ல மெல்ல வடக்கு நோக்கிப் பெயர்ந்தன. மரம் நடக்காது, அதன் விதை நடக்கும். பறவையின் வயிற்றிலும் அணிலின் வாயிலும் ஆற்று வெள்ளத்திலும் அது போய்ச் சேரும். இன்றும் இது நடைபெறுகிறது. பல நாடுகளில் பெறப்பட்ட பதிவுகளை ஒன்றுசேர்த்து 2011 இல் வெளியான ஓர் ஆய்வு, உயிரினங்கள் பத்தாண்டுக்கு ஏறத்தாழ 17 கிலோமீற்றர் வீதம் துருவங்களை நோக்கியும், 11 மீற்றர் வீதம் மலைகளில் மேல்நோக்கியும் பெயர்ந்து வருவதாகக் கணக்கிட்டது. இது எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்த கணக்கு. இதைவிட விரைவாகப் போனவையும் உண்டு, அசையாது நின்றவையும் உண்டு.

பனியுகக் காலத்துக்கும் இன்றைக்கும் பெரிய வேறுபாடுகள் இரண்டு. அன்று ஆயிரக்கணக்கான ஆண்டுகளில் நடந்த மாற்றம் இன்று ஒரு மனிதரின் ஆயுளுக்குள் நடக்கிறது. அன்று வழி திறந்திருந்தது. இன்று வழியெங்கும் நெடுஞ்சாலை, நகரம், தோட்டம், வேலி. ஒரு பற்றைக்காட்டுக்கும் அடுத்த பற்றைக்காட்டுக்கும் இடையில் முப்பது கிலோமீற்றர் வயல் கிடந்தால், சிறிய வண்ணத்துப்பூச்சிக்கு அது கடலைப் போன்றது.

அப்படியானால் நாமே அவற்றைத் தூக்கிக்கொண்டுபோய்ப் பொருத்தமான புதிய இடத்தில் விட்டால் என்ன என்ற எண்ணம் விஞ்ஞானிகளிடையே எழுந்தது. ஓர் உயிரினம் வரலாற்றில் ஒருபோதும் வாழ்ந்திராத இடத்துக்கு, அது அழிந்துபோகாதிருக்கும் பொருட்டு, மனிதர் திட்டமிட்டுக் கொண்டுசெல்வதை "துணையுடன் குடியமர்த்தல்" என இக்கட்டுரையில் குறிப்பிடுவோம். முன்பு வாழ்ந்து அழிந்துபோன இடத்தில் மீண்டும் கொண்டுபோய் விடுவது வேறு விடயம். அதில் சர்ச்சை குறைவு.

பேர்த் நகரத்து ஆமை

இதற்கு மிகத் தெளிவான உதாரணம் மேற்கு அவுஸ்திரேலியாவில் உள்ளது. பேர்த் நகருக்கு அண்மையிலுள்ள சில சதுப்பு நிலங்களில் மட்டும் வாழும் சிறிய ஆமை அது. வளர்ந்த ஆமையின் ஓடு ஒரு சாணுக்குக் குறைவு. 1839 இல் ஒரு மாதிரி சேகரிக்கப்பட்டு ஐரோப்பிய நூதனசாலைக்குப் போயிற்று. 1901 இல் அதற்கு விஞ்ஞானப் பெயர் வைத்தார்கள். ஆனால் உயிருடன் ஒன்றையும் யாரும் காணாததால் அழிந்த இனமென்றே எண்ணியிருந்தனர். 1953 இல் பாடசாலை மாணவன் ஒருவன் உள்ளூர்க் கண்காட்சிக்குத் தன் வளர்ப்பு ஆமையைக் கொண்டுவந்தபோதுதான் அது இன்னும் இருக்கிறது என்பது தெரியவந்தது. 1962 இல் அதற்கென இரண்டு சிறிய ஒதுக்கிடங்கள் அமைக்கப்பட்டன.

இந்த ஆமையின் வாழ்க்கை நமது மானாவாரி விவசாயியின் வாழ்க்கையைப் போன்றது. மழையை நம்பியே எல்லாம். மாரியில் சதுப்பு நிலத்தில் தண்ணீர் நிறைந்ததும் வெளியே வந்து பூச்சிப் புழுக்களையும் தலைப்பிரட்டைகளையும் பிடித்துத் தின்று கொழுக்கும். தண்ணீர் வற்றியதும் களிமண் பொந்துக்குள்ளோ சருகுக்குள்ளோ புகுந்து கோடை முழுவதும் உறங்கும். ஓர் ஈட்டில் மூன்று முதல் ஐந்து முட்டைகள்தாம். குஞ்சு தனது முதலாவது கோடையைத் தாக்குப்பிடிக்க வேண்டுமானால் அதற்கு முன்பு சில மாதங்களாவது தண்ணீரில் நின்று உண்டு வளர்ந்திருக்க வேண்டும். முட்டையிடும் பருவத்தை அடையப் பத்து ஆண்டுகளுக்கு மேல் செல்லும்.

அவுஸ்திரேலியாவின் தென்மேற்கு மூலையில் 1970களிலிருந்து மாரி மழை குறைந்து வந்துள்ளது. தண்ணீர் நிற்கும் காலம் குறுகக் குறுக, குஞ்சுகள் அரைவயிற்றோடு கோடையைச் சந்திக்க நேர்ந்தது. ஓர் ஒதுக்கிடத்துக்கு நிலத்தடி நீரைப் பம்பியால் இறைத்துக் கொடுத்தார்கள். நரி புகாமல் வேலி போட்டார்கள். பேர்த் விலங்குக் காட்சிச்சாலை குஞ்சுகளைப் பெருக்கிக் கொடுத்தது. எனினும் பம்பியை நம்பி ஓர் இனத்தை எத்தனை காலம் காப்பாற்றுவது? அதுவாகப் போகவும் வழியில்லை. சுற்றிலும் திராட்சைத் தோட்டங்கள், வீதிகள், வளர்ந்துவரும் புறநகர்கள்.

மேற்கு அவுஸ்திரேலியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இடம் தேடிய விதம் நம் கவனத்துக்குரியது. ஆமையின் உடல் எந்த வெப்பநிலையில் எவ்வளவு உணவைச் சமிபாடடையச் செய்யும், எவ்வளவு வேகமாக வளரும் என்பதை முதலில் அளந்தார்கள். பின்னர் ஒவ்வொரு சதுப்பு நிலத்திலும் தண்ணீர் எத்தனை நாள் நிற்கும் என்பதை மண்ணையும் மழையையும் கொண்டு கணக்கிட்டார்கள். இரண்டையும் பொருத்திப் பார்த்து, இன்று மட்டுமன்றி வருங்காலத்திலும் எந்த இடம் தாங்கும் என்று தேடினார்கள். அதன் பின்பே 2016 இல் பேர்த்துக்குத் தெற்கே ஏறத்தாழ 300 கிலோமீற்றர் தொலைவில், கூடுதல் மழை பெறும் இரண்டு இடங்களில் 24 இளம் ஆமைகள் விடப்பட்டன. அவற்றின் ஓட்டில் சிறு வானொலிக் கருவிகளைப் பொருத்திப் பின்தொடர்ந்தனர். தெற்கே தண்ணீர் போதும். ஆனால் குளிர் கூட. மிகவும் குளிர்ந்த நீரில் ஆமை இரை எடுக்காது. எனவே, "தண்ணீர் உண்டு, சாப்பாடு இறங்குமா?" என்பதே அவர்களுடைய கவலை. குளிர்ந்த இடத்திலும் இளம் ஆமைகள் வளரக்கூடும் என்ற முடிவை 2020 இல் வெளியிட்டார்கள். காலநிலை மாற்றத்தின் காரணமாக முதுகெலும்புள்ள ஒரு விலங்கை அதன் எல்லைக்கு வெளியே குடியமர்த்திப் பார்த்த முதல் முயற்சி இதுவெனப் பலரும் குறிப்பிடுகின்றனர். அந்த ஆமைகள் தாமே முட்டையிட்டுப் பெருகி நிலைபெறுமா என்பது ஒரு தலைமுறை சென்றுதான் தெரியும். ஆமைக் கணக்கில் ஒரு தலைமுறை நீண்டது.

பேழை மரம்

இரண்டாவது கதை ஐக்கிய அமெரிக்காவிலிருந்து. புளோரிடா மாநிலத்தின் வடக்கே அப்பலாச்சிக்கோலா ஆற்றங்கரைப் பள்ளத்தாக்குகளில்தான் பெரும்பாலும் தொரேயா என்ற ஊசியிலை மரம் இயற்கையாக வளர்கிறது. சென்ற நூற்றாண்டின் நடுப்பகுதியில் பங்கசு நோய் கண்டு பெரிய மரங்கள் யாவும் பட்டுப்போயின. இன்று அடிக்கட்டையிலிருந்து துளிர்த்த சிறு தண்டுகளே மிச்சம். பெரும்பாலானவை விதை தரும் பருவத்தை எட்டாமலே மீண்டும் மடிகின்றன. 1984 இல் அழியும் ஆபத்திலுள்ள இனமாகச் சட்டப்படி அறிவிக்கப்பட்டது. 2018 ஒக்டோபரில் வீசிய மைக்கல் சூறாவளி அந்தப் பள்ளத்தாக்குகளின் நிழல் மரங்களைப் பெருமளவில் சாய்த்துவிட்டது.

இடையில் ஒரு சுவையான செய்தி. தொடக்கநூலில் நோவா பேழை செய்த கோபர் மரம் இதுவே என்றும், ஏதேன் தோட்டமே அந்த ஆற்றங்கரையில்தான் இருந்தது என்றும் 1950களில் அவ்வூரில் ஒருவர் வாதிட்டுத் தோட்டம் ஒன்றையும் பொதுமக்களுக்குத் திறந்து வைத்தார். விவிலிய ஆய்வாளர் எவரும் இதை ஏற்கமாட்டார். ஆயினும், பேழை செய்த மரமே இன்று பேழையில் இடம் கேட்டு நிற்பதாக நினைத்துக்கொண்டால் அவ்வூராரின் பற்று நமக்கும் விளங்கும்.

தொரேயா உண்மையில் வடக்கத்தி மரம். பனியுகக் குளிருக்கு ஒதுங்கித் தெற்கே வந்து, பின்னர் திரும்பிப் போக வழியின்றி மாட்டிக்கொண்டது என்பது சிலரின் கருத்து. அவ்வாறு நம்பிய ஆர்வலர் குழுவொன்று 2008 ஜூலையில் 31 கன்றுகளை வட கரோலைனா மலைப்பகுதியில் தனியார் காணிகளில் நட்டது. தனியாரிடமிருந்து பெற்ற கன்றைத் தனியார் காணியில் நடுவதைச் சட்டம் தடுக்கவில்லை. அரசு அனுமதியும் இல்லை, பல்கலைக்கழக ஆய்வும் இல்லை. அன்பு மட்டும் இருந்தது.

விஞ்ஞானிகள் பலர் இதைக் கண்டித்தனர். மரத்தைக் கொன்றது வெப்பமா, நோயா என்பதே முடிவாகவில்லை. நோய்தான் என்றால் கன்றோடு கூடவே பங்கசும் பயணம் செய்யாதா? வடக்கே உள்ள மற்ற மரங்களுக்கு அது தொற்றினால் யார் பொறுப்பு? ஆர்வலர்களின் மறுமொழியும் இலேசானதன்று. நீங்கள் ஆராய்ந்து முடிக்கும்வரை மரம் இருக்காது என்றார்கள்.

அவர்களது அவசரத்தைக் குறை சொல்லுமுன் இன்னொன்றையும் நினைத்துப் பார்க்க வேண்டும். அவுஸ்திரேலியாவுக்கும் பப்புவா நியூகினிக்கும் இடையே பிராம்பிள் கே என்ற மிகச் சிறிய மணல் தீவு உண்டு. அங்கு மட்டுமே வாழ்ந்த ஓர் எலியினம், கடல்நீர் மீண்டும் மீண்டும் ஏறித் தீவின் புற்பூண்டுகளை அழித்ததால் இரையும் மறைவிடமும் இழந்தது. கடைசியாக 2009 இல் கண்டார்கள். 2014 இல் தேடியபோது ஒன்றும் அகப்படவில்லை. 2019 இல் அவுஸ்திரேலிய அரசு அதனை அழிந்த இனமாக அறிவித்தது. ஒரு கூடையில் வைத்துக் கொண்டுவந்திருக்கக்கூடிய பிராணிகள் அவை.

கொண்டுவந்தவை செய்த வேலை

துணையுடன் குடியமர்த்தலை எதிர்ப்போர் காட்டும் சான்றுகளுக்கு நாம் அவுஸ்திரேலியா வரை போக வேண்டியதில்லை. போனாலும் கிடைக்கும்: கரும்பு வண்டைத் தின்னுமென்று 1935 இல் ஹவாயிலிருந்து குயின்ஸ்லாந்துக்குக் கொண்டுவந்த தேரை வண்டைக் கட்டுப்படுத்தவில்லை. கண்டத்தின் மறுபக்கம்வரை பரவி, தன்னைத் தின்ன வரும் விலங்குகளைத் தன் நஞ்சால் கொன்றுகொண்டிருக்கிறது.

நமது நாட்டில், அழகிய பூவுக்காக 1905 இல் வந்த ஆற்றுவாழையைக் கட்டுப்படுத்த 1909 இலேயே தனிச் சட்டம் இயற்ற நேர்ந்தது. ஆய்வுக்கென 1939 இல் வந்த சல்வீனியா குளங்களையும் வாய்க்கால்களையும் வயல்களையும் மூடிற்று. கையால் வாரி அள்ளி முதுகு முறிந்தவர்கள் இன்னும் நம் கிராமங்களில் இருக்கிறார்கள். 1986 முதல் அதை மட்டுமே தின்னும் சிறிய வண்டொன்றை விட்டபின்தான் பல நீர்நிலைகளில் அது அடங்கியது. அந்த வண்டும் வெளிநாட்டிலிருந்து வந்ததே! ஆனால் வேறெதையும் தின்னாது என்று பரிசோதித்த பின்பு வந்தது. உப்பு மண்ணைத் திருத்தும் எண்ணத்துடன் 1950களில் அம்பாந்தோட்டையில் நட்ட சீமைக்கருவேல் பூந்தலைத் தேசியப் பூங்காவுக்குள் புகுந்து முட்காடாயிற்று.

எல்லாம் கேடாகவே முடிந்தன என்று சொல்வதும் நேர்மையாகாது. 1952 இல் நம் குளங்களில் விட்ட ஆபிரிக்கத் திலாப்பியா மீன்தான் உலர்வலயக் குடும்பங்கள் பலவற்றின் கறிச்சட்டியை நிரப்பியது. உள்ளூர் மீன்களுக்கு அதனால் ஏற்பட்ட நெருக்கடி பற்றியும் பேசப்படுகிறது. நன்மை யாருக்கு, செலவு யாருக்கு என்று கேட்டால் இரண்டு பட்டியல்களும் வேறு வேறாக வரும்.

விஞ்ஞானிகளிடையே இன்றும் ஒருமித்த கருத்தில்லை. 2008 இல் சிலர், இனித் தயங்க நேரமில்லை, எப்போது செய்யலாம் எப்போது கூடாது என்று முறையாகத் தீர்மானிக்கும் வழியை வகுப்போம் என எழுதினர். அடுத்த ஆண்டே வேறு இருவர், புதிய இடத்தில் ஓர் உயிரினம் எப்படி நடந்துகொள்ளும் என்பதை எவராலும் நம்பகமாக முன்கூறமுடியாது, இது சூதாட்டம் என்று மறுத்தனர். இயற்கைப் பாதுகாப்புக்கான சர்வதேச ஒன்றியம் 2013 இல் வழிகாட்டல் ஒன்றை வெளியிட்டது. தடுக்கவில்லை, ஆனால் நிச்சயமின்மை கூடிய இடத்தில் கைவைக்க வேண்டாம் என்றது. ஐக்கிய அமெரிக்கா 2023 இல் தன் விதிகளைத் திருத்தி, ஆபத்திலுள்ள இனங்களை அவற்றின் பழைய எல்லைக்கு வெளியேயும் பரிசோதனையாகக் குடியமர்த்த இடமளித்தது.

நம் எண்ணம் இது. ஒன்றும் செய்யாமலிருப்பதும் ஒரு செயலே. அதற்கும் கணக்குக் கொடுக்க வேண்டும். ஆயினும் அன்பு இருந்தால் போதும் என்பது நம் போன்ற தொண்டர்களுக்கு வழக்கமான மயக்கம். ஆமைக்காகப் பல ஆண்டுகள் தண்ணீர் அளந்தவர்களின் பக்கமே நம் மனம் சாய்கிறது.

மேலே போக இடமில்லாதவை

மலையில் 100 மீற்றர் ஏறினால் வெப்பநிலை ஏறத்தாழ 0.6 பாகை குறையும். எனவே இரண்டு பாகை சூடு கூடினால், பழைய குளிரைத் தேடி 300 மீற்றருக்கு மேல் ஏற வேண்டும். நம் நாட்டின் மிக உயர்ந்த சிகரமே 2524 மீற்றர்தான். ஹோட்டன் சமவெளியிலுள்ள முகில்காட்டு உயிர்களுக்கு மேலே எஞ்சியிருக்கும் இடம் சிறிது. மலை கூம்பு வடிவானது என்பதால் ஏற ஏற நிலமும் சுருங்கும். நக்கிள்ஸ் மலைத்தொடர் 2000 மீற்றரையும் எட்டாது. அங்கு மட்டுமே வாழும் இலைமூக்கு ஓணானை எண்ணிப் பாருங்கள். அதைவிட உயர்ந்த மத்திய மலைக்கு அதை ஒருநாள் கொண்டுபோகலாமா? அங்கே அதன் ஒன்றுவிட்ட சகோதரம் போன்ற கொம்பு ஓணான் ஏற்கனவே குடியிருக்கிறது. இரண்டும் ஒரே இரைக்குப் போட்டியிட்டால் வந்ததைக் காக்கப்போய் இருந்ததை இழப்போம். இப்படி யாரும் திட்டமிட்டிருப்பதாக நாம் சொல்லவில்லை. கேள்வியின் கடினம் விளங்கவே சொன்னோம்.

கண்டல் தரும் பாடம்

கரையோரப் பங்குகளில் பணிபுரிவோருக்கு இந்த விடயம் ஓணானைவிட நெருக்கமானது. கடல்மட்டம் உயர உயரக் கண்டற்காடு தரைப்பக்கமாகப் பின்வாங்க வேண்டும். விதைகளை நீரே சுமந்து செல்லும்; யாரும் தூக்கிப்போக வேண்டியதில்லை. ஆனால் பின்னால் வீதியோ இறால் பண்ணையோ உப்பளமோ மதிலோ இருந்தால் அது கடலுக்கும் மதிலுக்கும் இடையில் நெரிபட்டு முடியும். இங்கே நாம் செய்யக்கூடிய மிகப் பெரிய துணை, பின்னால் கொஞ்ச நிலத்தை வெறுமையாக விட்டுவைப்பதே.

நாம் அதைச் செய்யவில்லை, கன்று நட்டோம். 2004 ஆழிப்பேரலைக்குப் பின் அரசும் தொண்டு நிறுவனங்களும் நம் கரையெங்கும் கண்டல் நட்டதை வாசகர்கள் நினைவில் வைத்திருப்பீர்கள். புகைப்படங்களில் சிறுவரும் அருட்சகோதரிகளும் முழங்கால் சேற்றில் நின்றார்கள். 2017 இல் வெளியான ஆய்வொன்று 23 திட்ட இடங்களைப் பரிசோதித்தது. நடப்பட்ட 1000 முதல் 1200 ஹெக்டயரில் ஏறத்தாழ 200 முதல் 220 ஹெக்டயர் மட்டுமே தேறியிருந்தது. ஒன்பது இடங்களில் ஒரு கன்றுகூட மிஞ்சவில்லை. கண்டல் ஒருபோதும் வளராத கடற்கரை மணலிலும், வற்றாது நீர் நிற்கும் சேற்றிலும், அகப்பட்ட ஓரிரு இனங்களையே நட்டதும், நட்ட பின்பு திரும்பிப் பாராததும் காரணங்கள். அந்தச் சேற்றில் எவ்வளவு நேரம் தண்ணீர் நிற்கும் என்று அவ்வூர் மீனவர் ஒருவரைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்.

மரம் நடுவோருக்கு அடக்கமான இன்னொரு வழியும் உண்டு. இனத்தை மாற்றாமல் விதையின் ஊரை மாற்றுவது. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் 2009 முதல் 15 மர இனங்களின் விதைகளைப் பல ஊர்களிலிருந்தும் எடுத்து, வடக்கே யூக்கோன் தொடக்கம் தெற்கே ஐக்கிய அமெரிக்கா வரை 48 இடங்களில் நட்டு, எந்த ஊர் விதை எந்த வெயிலைத் தாங்குகிறது என்று அளந்து வருகிறார்கள். நமது பாலையும் வீரையும் முதிரையும் ஒரே இனமாயினும் எல்லா ஊரிலும் ஒரே குணமுடையவை என்று எண்ண வேண்டாம். பாடசாலைக்கோ குளக்கரைக்கோ நாற்றுமேடை போடும் குழுவினர், தம் ஊர்த் தாய்மரங்களின் விதையோடு, தம்மைவிட வறண்ட ஊரின் விதையையும் கொஞ்சம் கலந்து, எது எங்கிருந்து வந்தது என்று அட்டையில் குறித்து வைக்கலாம். நெல் விதையை ஊர்விட்டு ஊர் மாற்றிப் பார்ப்பது நம் விவசாயிகள் அறியாததல்ல. அட்டையில் குறித்து வைப்பதுதான் புதிது. பத்து ஆண்டுகளின் பின் அந்த அட்டைக்கு மதிப்பு ஏற்படும்.

அடுத்த மாதக் குழுக்கூட்டத்துக்கு இதனைப் பாடமாக எடுப்போர் கரும்பலகையை விட்டுக் குளக்கரைக்குப் போவது நல்லது. உங்கள் பிள்ளைப் பராயத்தில் இருந்து இப்போது காணாமற்போனவை எவை? அப்போது இல்லாமல் இப்போது வந்தவை எவை? வந்தவற்றைக் கொண்டுவந்தது யார், எதற்காக? உங்கள் ஊரின் காடோ கண்டலோ ஓரடி பின்வாங்க நேர்ந்தால் பின்னால் யாருடைய காணி கிடக்கிறது? முதியவர்களை முதலில் பேச விடுங்கள். கேள்வி கேட்ட அந்தப் பெரியவரின் குளக்கரைக்கு நாமும் இந்தக் கட்டுரையோடு போகவிருக்கிறோம்.